பிழை

போகி. விடிகாலை ஐந்தேகால்.
பெரும்பாக்கத்தில் யாரோ டயர் கொளுத்துகிறார்கள்.
ஜன்னல் இடுக்கை ஈரத்துணியால் அடைத்துவிட்டு
மறுபடி உட்கார்கிறேன்
நானூற்றுப் பதினேழாம் கொத்தின் முன்னால்.

மூன்று கோடி ஒளியாண்டு தள்ளி
ஒரு கேலக்ஸியின் சுருள்கையில்
ஐந்து வடிகட்டிகளில் பிடித்த
ஐந்து மங்கல் புள்ளிகள்.
இதை வைத்துச் சொல்ல வேண்டும்
வயதென்ன, எடையென்ன.

நிரல் இரண்டு பதில் தருகிறது.
நாற்பது லட்சம் வருடம், மேலே கனத்த தூசி.
அல்லது
ஆறு கோடி வருடம், தூசியே இல்லை.
இரண்டுக்கும் ஒரே சிவப்பு.

என் சான்றிதழில் ஜூன் ஒன்று என்றிருக்கிறது.
தலைக்கு மேல் கை போட்டு
மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார்கள். எட்டியது.
ஐந்து முடிந்தது என்று எழுதிக்கொண்டார்கள்.
எனக்குக் கை நீளம், அவ்வளவுதான்.

எடை இன்னும் மோசம்.
வெளிச்சத்தை அள்ளி இறைப்பவை நாலைந்து பெரியவை,
பாரம் முழுக்கக் கண்ணில் படாத சின்னவற்றில்.
எதிரே வாரியக் குடியிருப்பு, எட்டு மாடி.
நேற்று ராத்திரி எரிந்த ஜன்னல்களை எண்ணி
குடித்தனங்களைக் கணக்குப் போட்டேன்.
மாடியில் கல்யாணத்துக்குக் கட்டிய ஒரே ஒரு ஃபோகஸ் விளக்கு
எல்லாவற்றையும் கெடுத்தது.
சின்னக் கொத்தில் அப்படித்தான்,
ஒரு சிவப்பு ராட்சசன் எழுந்து நின்றால்
கணக்கு மொத்தமும் அவன் பக்கம் சாய்ந்துவிடும்.

தரமணியிலிருந்து ஹபீபாவின் செய்தி:
பட்டியலை மதியம் பூட்டுகிறோம்,
ஒரு எண் போதும்.

ஒரு எண்.

பெரும்பாலான கொத்துகள் நாள்பட நிலைப்பதில்லை.
வாயு விலகியதும் பிடிப்பு தளர்ந்து
ஆளுக்கொரு திசை.
எதிர் மாடிக்காரர்கள் கூவம் கரையில் ஒரே சந்து,
இங்கே ஆறு பிளாக்.
லிஃப்ட் ஓடாத நாளில்தான்
பழைய முகங்களைப் பார்க்கிறேன், படிக்கட்டில்
என்பாள் இஸ்திரி போடும் மரகதவல்லி.

ஆறே முக்காலுக்குச் சூரியன் வந்தது,
புகைக்குப் பின்னால் பழுத்த சிவப்பாக,
கண் கூசாமல்.
திசை தெரியாத ஒருவன் இப்போது விழித்தால்
சாயங்காலம் என்பான்.
நிறம் மட்டும் பார்த்தால் அவன் சொல்வது சரி.
கீழே பால் பாக்கெட் கிரேட் இறங்கும் சத்தம்
கேட்டால்தான் தெரியும்.

ஹைட்ரஜன் வடிகட்டிப் படத்தைத் திறக்கிறேன்.
கொத்தைச் சுற்றி மெல்லிதாக ஒரு வளையம்,
இல்லை, திரையில் விரல் அழுக்கு.
முந்தானையால் துடைத்தேன்.
போகவில்லை.

நாற்பது லட்சம் என்று எழுதினேன்.
எடை: சூரியன்கள் மூவாயிரம்.
பக்கத்தில் பிழைக்கோடு,
அது ஆறு கோடியைத் தொட்டுவிட்டுத்தான் நின்றது.
பிழை என்றால் தவறு.
சாகக் கிடப்பவனிடம் சொன்னால் வேறு.

அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்தேன்.
துணி கறுத்திருந்தது,
நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவாக.