நவம்பரில் துவைத்த சட்டை

நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு பெட்டி.
வெளிர் ஊதா.
அதற்குள் நான்கு பெண்கள்,
தோளோடு தோள் இடித்தபடி,
தபால்தலை அளவு முகங்களோடு.
பெட்டிக்கு வெளியே
வரலாறு தன்பாட்டில் போகிறது:
படை நடத்துகிறது, ஒப்பந்தம் எழுதுகிறது,
மலையைக் குடைந்து தண்டவாளம் போடுகிறது.

"இது பரீட்சைக்கு வருமா?" என்கிறான் நெவ்சாத்.
பெட்டிகள் வருவதில்லை.
அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
புத்தகத்தை மூடச் சொன்னேன்.

வியாழக்கிழமை, சங்க்ட் காலனிலிருந்து சிவப்பு ரயில்.
இருபத்தொரு பிள்ளைகள்,
இருபத்திரண்டு ரொட்டிப் பொட்டலங்கள்
(யாருடையதென்று கடைசிவரை தெரியவில்லை).
சரிவில் மாடுகள் எங்களை
வரவு எடுப்பதுபோல் நிமிர்ந்து பார்த்தன.

அப்பென்செல் சதுக்கத்தில் கார்கள் நின்றன.
"இங்கேதான்" என்றேன்.
"என்ன இங்கே?" என்றாள் ஃபுளூரினா.

ஏப்ரல் கடைசி ஞாயிறு
ஆண்கள் வந்து வளையமாய் நிற்பார்கள்.
இடுப்பில் வாள். அப்பனுடையது,
அந்த அப்பனின் அப்பனுடையது.
வாள் இருந்தால் வாக்கு இருக்கிறது.
கை தூக்குவார்கள். எண்ணுவதில்லை;
மேடையில் நிற்பவர் கண்ணால் அளப்பார்,
நாங்கள் உலைக்கு அரிசி போடுவதுபோல.

பெண்களும் கை தூக்கலாமா என்று
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறிலும்
ஆண்களின் கைகளிடம்தான் கேட்டார்கள்.
வேண்டாம் என்றன கைகள்.

"ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு" என்று
என்னைத் திருத்தினாள் பெசார்த்தா,
நாக்குப் பிசகியதென நினைத்து.
"எனக்கு அப்போது மூன்று வயது" என்றேன்.
யாரும் நம்பவில்லை.
ஆண்டையா, வயதையா, தெரியாது.

வேலை இதுதான்:
அன்று வளர்ந்தவராயிருந்த ஒரு பெண்ணைத் தேடுங்கள்.
ஒரு கேள்வி கேளுங்கள். ஒன்றே ஒன்று.

சீஸ் கடையில், கத்தியைத் துடைத்தபடி
அவர் சொன்னார்
(மலைப் பேச்சு; பாதி எனக்குப் பிடிபடவில்லை,
லதீனாதான் சொல்லித் தந்தாள்):

"அதோ அந்த மூன்றாம் மாடி யன்னலில் நின்றேன்.
அத்தனை கைகளுக்குள்ளும்
வீட்டுக்காரரின் கை எனக்குத் தெரியும்.
சட்டைக்கு இஸ்திரி போட்டவள் நானல்லவா?
வேண்டும் என்பவர்கள், என்றார்கள்.
அவர் கை கீழே.
வேண்டாம் என்பவர்கள், என்றார்கள்.
மடிப்புக் கலையாமல் மேலே போனது."

அத்தோடு நிறுத்த நினைத்திருப்பார்.
பெசார்த்தா விடவில்லை. இரண்டாவது கேள்வி:
"பிறகு அந்தச் சட்டையைத் துவைத்தீர்களா?"

ஒரு துண்டு சீஸைத் தாளில் சுற்றி,
நூல் கட்டி, எடை போட மறந்து,
என் கையில் வைத்தார்.
"துவைத்தேன்.
நவம்பரில்."

திரும்பும் ரயிலில் நவம்பரை விளக்கினேன்:
லோசானில் ஒரு நீதிமன்றம்,
அந்தக் கைகளைக் கேட்கவே வேண்டியதில்லை
என்றொரு தீர்ப்பு.
சிரிப்பு பெட்டியின் கடைசி இருக்கைவரை ஓடியது.

நெவ்சாத் மட்டும் யன்னலிலிருந்து திரும்பி,
"நீங்கள் எப்போது முதல்முறை கை தூக்கினீர்கள்?"

கைப்பையில் என் வதிவிட அட்டை.
அதில் ஓர் எழுத்து, ஒரு காலாவதித் தேதி.
"இன்னும் இல்லை" என்றேன்.
அவன் அப்பாவும் இன்னும் இல்லையாம்.
கைஸ் நிலையம் வரும்வரை
இருவரும் மாடுகளைப் பார்த்தோம்.

பரீட்சையின் கடைசிக் கேள்வி நானே சேர்த்தது:
செல்வாக்கு மிக்க ஒரு பெண்ணைப் பற்றி எழுதுக.
பதினேழு பேர் ஊதாப் பெட்டியிலிருந்து எழுதினார்கள்,
பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, பிழையில்லாமல்.
மூன்று பேர் தத்தம் அம்மாவை.
பெசார்த்தாவின் தாளில்:
"ஏழு மாதம் ஒரு சட்டையை
அழுக்குக் கூடையிலேயே வைத்திருந்தார்.
பெயர்: கேட்கவில்லை."

ஆறுக்கு ஐந்தரை போட்டேன்.
பெயர் கேட்காததற்கு அரை.

போட்டுவிட்டு,
மேசை மூலையில் எண்ணெய் ஊறிக் கிடந்த
அந்தச் சீஸ்த் தாளை விரித்துப் பார்த்தேன்,
கடைச்சீட்டு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று.
நூல் மட்டும் இருந்தது.
விலைகூட இல்லை.