முப்பத்தோரு கிலோ

கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில்
பதினாறு பேர்.
என் மடியில் ஒருத்தி,
அவள் மடியில் எல்லோருடைய தூக்குச்சட்டியும்.
கொண்டையூசி வளைவுதோறும்
ஒருத்தி மேல் ஒருத்தி சரிகிறோம்.
வேர்வை ஒட்டும். வெற்றிலை கைமாறும்.
அதிலெல்லாம் வராது என்று
எனக்குத் தெரியும்.
அவர்களுக்குத் தெரியுமா என்று
கேட்டதில்லை.

செக்போஸ்ட்டில் தவசி பீடியை அணைப்பான்.
அந்தப் பக்கம் மலையாளம், மழை, ஏலம்.

தூரடியில் குந்திக் காய் எடுக்கையில்
ஒருநாள் கணுக்காலில் அட்டை.
“ஆடாம இருக்கா” என்று செல்லக்கிளி
வெறும் விரலால் பிய்த்து நசுக்கினாள்.
அவள் நகக்கண்ணில் என் ரத்தம்.
பாவாடையில் துடைத்துவிட்டு
விட்ட இடத்திலிருந்து
நாத்தனார் கதையைத் தொடர்ந்தாள்.
அன்றிரவு முழுக்க எனக்கு ஒரே யோசனை:
அந்த விரலில் கீறல் இருந்ததா?

போன ஆவணியில் நஸ்ரின் மேடம்
கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.
கிருமி எண்ணிக்கை: கண்டறிய முடியவில்லை.
“செத்துப் போச்சா?”
“தூங்குது. மாத்திரைய விட்டா
முழிச்சுக்கும்.”
கைப்பிள்ளை தூங்கும் வீடு மாதிரிதான்
அதற்குப் பிறகு என் உடம்பு.
ஒன்பது மணியானால்
தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

முன்பு தந்த மாத்திரை கனவு கொடுக்கும்.
விழுங்கிய அரைமணியில் தரை சாயும்.
செத்து ஒன்பது வருஷமான பவுன்ராசு
ஏலமூட்டை மேல் உட்கார்ந்து
கூலிக்கணக்குச் சொல்வான், தப்புத்தப்பாய்.
நானும் விடமாட்டேன்.
உயிரோடு இருக்கையில்
போட நேரமில்லாத சண்டையெல்லாம் போடுவேன்.
பிறகு மாத்திரையை மாற்றினார்கள்.
நல்ல மாத்திரை. தலைசுற்றல் இல்லை.
கனவும் இல்லை.
பாதிச் சண்டையில் எழுந்து போனவன்
போனவன்தான்.

டப்பாவை வெந்நீரில் வைத்து
ஒட்டிய தாளை உரித்துவிடுவேன்.
குலுங்கிச் சத்தம் வராதிருக்கப் பஞ்சு.
அரிசிப்பானைக்குள் அடியில்.

சுருளிவேலுக்கு வேறு மாத்திரை.
தண்ணீரில் கரையும், பழவாசம் அடிக்கும்.
ஐந்து வயதில் சளிக்கு என்றேன்.
எட்டில் சத்துக்கு என்றேன்.
பத்துக்கு மேல் அவன் கேட்கவில்லை.
நான் அதைப் புரிந்துகொண்டதாய் எண்ணிக்கொண்டேன்.
“எப்ப சொல்லப் போறீங்க?” என்பார் நஸ்ரின் மேடம்.
“அடுத்த மாசம்.”
எத்தனையோ அடுத்த மாசம்.

அவன் எடைக்காகத்தான்
எத்தனை முட்டை, எத்தனை கடலைமிட்டாய்.
கார்த்திகையில் மிஷினில் ஏறி நின்றான்.
முப்பத்தோரு கிலோ.
“பெரியவனாயிட்டான்” என்றார் டாக்டரம்மா.
“இனிமே பெரியவங்க மாத்திரையே குடுக்கலாம்.
நாளுக்கு ஒண்ணு.”
எனக்குச் சந்தோஷம்தான்.
பஸ் சின்னமனூர் தாண்டும்போதுதான்
வயிற்றில் ஏதோ இறங்கியது.

ஒன்பது மணி.
அவன் மாத்திரை அவன் உள்ளங்கையில்.
சுவர்ப்பக்கம் திரும்பி
என்னுடையதை எடுத்தேன்.
“கையைக் காட்டும்மா.”

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில்
ஆறு வித்தியாசத்தையும்
டீ ஆறுவதற்குள் கண்டுபிடிக்கிற பயல்.
இரண்டையும் என் கையில் பக்கம்பக்கமாய் வைத்தான்.
அதே வெள்ளை. அதே நீளம்.
ஒருபக்கம் எழுத்து, மறுபக்கம் மொழுக்.
புரட்டிப் பார்த்தான். விளக்கருகே தூக்கிப் பார்த்தான்.

நான் தயார்செய்து வைத்திருந்த
பேச்சில் ஒரு சொல்லும்
வாய்க்கு வரவில்லை.

“அப்பாவும் இதைத்தான் போட்டாரா?”
“இல்லடா. அப்பா போடல.”

எது யாருடையது என்று
இனி எங்களுக்கே தெரியாது.
ஒன்றை எடுத்து விழுங்கினான்.
மீதியை நான்.
ஒன்பது தாண்டி ஏழு நிமிஷம்.

பாயை உதறிக்கொண்டே
தன் டப்பாவைக் காதருகே குலுக்கிப் பார்த்தான்.
“எனக்கும் கொஞ்சம் பஞ்சு குடும்மா.”

அதற்குத்தான் அழுதேன்.
தலையணையின் தையலைப் பிரித்தேன்.
போடிச் சந்தையில் வாங்கிய இலவம்பஞ்சு
நூலை விட்டதும்
நிற்காமல்
வீடெல்லாம் பறந்தது.