செக்குபந்தி

காலையிலிருந்து மூன்று கிரயம், ஒரு தானம், ஒரு ரத்து.
பொதுப்பாதைக்குத் தெற்கு,
பிச்சைக்கோனார் வகையறா புஞ்சைக்கு மேற்கு,
இதற்குள்பட்ட இரண்டே முக்கால் சென்ட்
என்று தட்டித் தட்டி
இப்போதெல்லாம் கனவில்கூட
எனக்கு நான்கு பக்கமும் ஆள் இருக்கிறது.

ஒன்றரை மணிக்குப் பத்திர எழுத்தர் சோலைக்குட்டி
தூக்குச்சட்டியைத் திறப்பார்.
நான் ஐந்து நிமிடத்தில் தயிர்சோற்றை முடித்து
செல்போனோடு படியிறங்குவேன்.

ஒத்தக்கடையில் யாரோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.
யாரென்று தெரியாது. எதற்கென்றும் கேட்கக் கூடாது.
வடக்கே ஒன்பது டிகிரி சொச்சம்,
கிழக்கே எழுபத்தெட்டு டிகிரி சொச்சம்.
அவ்வளவுதான் செக்குபந்தி.
பக்கத்து நிலத்துக்காரன் பெயர் இல்லை,
பட்டா இல்லை, வில்லங்கம் இல்லை.
கண்டெடுத்தால் உள்ளே சுருட்டிய தாளில்
கையெழுத்துப் போட்டுவிட்டு
இருந்த இடத்தில் இருந்தபடி வைத்துவிட வேண்டும்.
இதற்கென்று உலகம் முழுக்க ஆள் அலைகிறதாம்.

முதல் நாள் அம்புக்குறி யானைமலையைக் காட்டியது.
ஒரு மலையில் எங்கே என்று தேட?
மறுநாள் நரசிங்கம் ரோட்டுச் சிறுபாலத்தில் வந்து நின்று
இங்கேதான் என்றது,
மூன்று மீட்டர் முன்னே பின்னே.
மூன்று மீட்டர் என்பது எங்கள் தொழிலில்
இரண்டு தலைமுறை வழக்கு.

உச்சி வெயிலில் ஒரு பொம்பளை
பாலத்துச் சுவரில் கைவிட்டுத் துழாவினால்
ஊர் சும்மா இருக்குமா?
என்னம்மா தொலைச்சீங்க, என்று வந்தார் பஞ்சர் கடைக்காரர்.
கம்மல் திருகாணி, என்றேன். வாய்க்கு வந்த பொய்.
வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டார்.
ஆடு மேய்த்தவர் ஒருத்தரும் இறங்கினார்.
இல்லாத திருகாணியை அவர்கள் தேட,
கூடவே குனிந்து
நான் வேறொன்றைத் தேடினேன்.

நான்காம் நாள்
பஞ்சர் கடைக்காரர் பீடிக்கட்டுத் தாளைப் பிரித்து நீட்டினார்.
உள்ளே நிஜமாகவே ஒரு திருகாணி.
பொன்னா பித்தளையா தெரியாமல் கறுத்துக் கிடந்தது.
இதானே, என்றார்.
இல்லையென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அன்றைக்கே டப்பாவும் கிடைத்தது.
பாலத்துக் கைப்பிடிக் குழாயின் அடிவயிற்றில்
காந்தத்தால் ஒட்டிக்கொண்டு, கட்டைவிரல் பருமனில்.
மூடிக்குள் எறும்பு.
தாளில் ஒன்பது பேர்.
ஒருவர் எந்த நாட்டு எழுத்தில் போட்டிருக்கிறார் என்றே புரியவில்லை.
கடைசியில், பச்சை மையில்,
தினம் நாற்பது தடவை நான் பார்க்கிற கையெழுத்து.
வால் வளைந்து வளைந்து மூன்று வரி கீழே இறங்கும்.
சார்பதிவாளர் தவமணி மேடம்.
தேதி போட்டு, நேரமும் போட்டு: 1.52.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.
போன ஆவணி, வளர்பிறை முகூர்த்தம்,
வராண்டா கொள்ளாமல் டோக்கன் கூட்டம்.
இரண்டரை வரைக்கும் மேடத்தைக் காணோம்.
எங்கேயாவது படுத்துத் தூங்குவா, என்றார்கள் யாரோ.
யாரோ என்ன, நான்தான்.

சாட்சி போடுகிற இடத்தில் போடுவது மாதிரி
அந்த வாலுக்குக் கீழே
நீல மையில் என் பெயரை எழுதினேன்.
த/பெ இல்லாமல், கதவு எண் இல்லாமல்.
திருகாணியை உள்ளே போட்டு,
எறும்புகள் இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்து
மூடி ஒட்டினேன்.

மூன்று மணிக்கு மேடத்தின் முன்னால் நின்றேன்.
விரல் நுனியெல்லாம் துரு. மறைக்கவில்லை.
பார்த்தாரா, தெரியாது.
இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப்
பேனா மூடியால் தட்டினார்.
"வடக்கே யாருன்னு போடலையே."

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
வடக்கே யானைமலை, என்று அடித்தேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அழித்துவிட்டு
பார்ட்டிக்குப் போன் போட்டேன்.