பியானோக்காரன் பார்த்தது

எனக்கு வாய்த்தது அவர்கள் முதுகுதான்.
முகங்களை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்,
காசு கொடுத்து வந்தவர்கள்.

கான்சாஸ் சிட்டி, பன்னிரண்டாம் தெரு.
கோழி வறுக்கும் கடைக்குக் கீழே
பதினோரு படி இறங்கினால் நாங்கள்.
ஜனவரிக் குளிர் வாசலோடு நின்றுவிடும்;
எண்ணெய் வாடை மட்டும்
டிக்கெட் இல்லாமல் உள்ளே வரும்.

வெர்பீனாவின் ஊதா கவுனில்
ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது.
அதற்குமேல் மூன்று ஊக்கு.
இரண்டு நான் போட்டது. மூன்றாவது லியாண்டர்,
அப்போது அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.
ஒன்றரை டாலர் தகராறு.
யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டார்கள்.
நான் சுருதி பார்ப்பதுபோல்
ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு டிப்ஸ் குச்சியைத் தட்டினான்.
ஒன்று. இரண்டு.
ஒன்று இரண்டு மூன்று

நாலை யாரும் சொல்லவில்லை.
நாலில் அவள் ஏற்கெனவே பாட்டுக்குள் இருந்தாள்.

அவள் ஒரு வரியை வீசுகிறாள்,
கல்லாவில் சில்லறை எறிவதுபோல்.
அவன் உடனே எடுப்பதில்லை.
தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னே,
புறப்பட்டுவிட்ட டிராமைத் துரத்திக்
கம்பியைப் பிடித்துத் தொற்றுகிறவன் மாதிரி
சிரித்துக்கொண்டே ஏறுகிறான்.
ஸ்விங் என்றால் என்னவென்று
முன்மேஜைக் கண்ணாடிக்காரர் ஒருநாள் கேட்டார்;
கேட்கும்போதே அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் சரணத்தில் அவனுக்குச் சொல் மறந்தது.
முதுகுக்குத்தான் அது முதலில் தெரியும்.
பகலெல்லாம் மாட்டுத் தொடை சுமந்த தோள்
ஓர் அங்குலம் ஏறி நின்றது.
நான் அதே நாலு கட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தேன்,
விருந்தாளிக்காக அடுப்பை அணைக்காமல்
காத்திருப்பதுபோல்.

"தபுடி தா" என்றான்.
"தபுடி தா, ரீபா..."
"ரீபாவா? யாரவள்?" என்றாள் வெர்பீனா,
அதையும் சுருதி பிசகாமல்.

அதற்குப்பின் சொற்களை யார் தேடினார்கள்!
அவன் பப்பா என்றால் அவள் பப்பப்பபா.
அவள் ஏறினால் அவன் ஏணி பிடித்தான்,
அவன் குனிந்தால் அவள் தாண்டிக் குதித்தாள்.
டிரம்பெட் நடுவில் நுழையப் பார்த்து
இரண்டு தரம் மூக்குடைபட்டுத் திரும்பியது.

லியாண்டர் போட்ட ஊக்கு தெறித்தது.
சிம்பலில் விழுந்து டிங் என்றது,
சரியாக இரண்டாம் அடியில்.
சத்தியமாக.

அவள் கை பின்னால் போனது.
அவன் கை அதற்கு முன்பே அங்கே இருந்தது,
துணியைச் சேர்த்துப் பிடித்தபடி,
பாட்டை விடாமல், தலையைத் திருப்பாமல்.
சும்மா பிடித்திருக்கவில்லை அந்த விரல்கள்.
அவள் முதுகெலும்பில் தாளம் போட்டன.

கடைசி ஸ்வரத்தை இருவரும் சேர்ந்து முடித்தார்கள்.
சேர்ந்து என்று எப்படிச் சொல்வது,
அவன் வழக்கம்போல் மயிரிழை பின்னே.
மேலே கோழிக்கடைக்காரர் தரையை உதைத்தார்.
போதும் என்றா, இன்னொரு தடவை என்றா,
இன்றுவரை தெரியாது.

இடைவேளையில் ஒன்றரை டாலர்
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.
நான் பெடலுக்கடியில் முழங்காலிட்டு
ஊக்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.
யாரோ முனகுகிற சத்தம்,
தபுடி தா, தபுடி தா.
நான்தான்.