மிச்சம்

வுப்பர்டாலில் விடாத மழை.
சமையலறை மேசையில்
நாற்பத்து மூன்றில் ஒரு பங்காய்ச் சுருங்கிய
இரண்டு கார்களை அறுத்தேன்:
ஒன்றைப் பின்கதவு தாண்டி,
மற்றதை முன்கதவு தாண்டி.
நீளத் துண்டுகள் ஒட்டின.
பக்கத்துக்கு மூன்று கதவு.

கிடைத்த ஒரே படத்தில் இடப்பக்கம் மட்டும்.
வலப்பக்கத் திரைச்சீலைக்கு
என் கிழிந்த சட்டையின் கருநீலம்.
யார் வந்து மறுக்கப் போகிறார்கள்?

ஏழு வாரம். ஆறு பூச்சுக் கறுப்பு.
குனிந்தால் என் மூக்கு தெரிகிறது.
கண்ணாடிப் பெட்டியில் வைத்தால்
பின்பம்பர் இடிக்கிறது;
மூலைக்கு மூலை சரித்து வைத்தேன்.

குப்பைக்கு ஒதுக்கிய மிச்சத்தைக் காணோம்.
மூக்கையும் வாலையும் கோணலாய் ஒட்டி
லதுஷா ஓட்டுகிறாள்,
ஸ்டியரிங் உண்டு, பின்சீட் கிடையாது,
பெட்டியைச் சுற்றி
ஒரே வெட்டில் திருப்பி,
பசை காயும் முன்னே.