சுருங்காத கோப்பு

கிளைபேடா துறைமுகம். பிப்ரவரி. மணி மூன்று பத்து.
யாராலும் உள்நுழைய முடியவில்லை என்று
பாரந்தூக்கிக் கூண்டிலிருந்து ரிம்வீதாஸ் அழைத்தான்.
காற்று அவனைவிடச் சத்தமாகப் பேசியது.

வட்டில் இடமில்லை. அவ்வளவுதான்.
எவனோ கண்காணிப்புப் படங்களை அங்கே கொட்டியிருந்தான்.

கோப்புகளை வரிசையாகப் பார்த்தேன்.
ஒன்று பேரேடு: இரண்டாயிரத்து நானூறு பேர்,
அவர்களின் கதவுகள், அச்சுப்பொறிகள், மறந்த கடவுச்சொற்கள்.
ஒன்று சிட்டா. எது நடந்தாலும் முதலில்
இதில் கிறுக்கல்; பேரேட்டில் ஏற்றுவது அப்புறம்.
எதுவரை ஏற்றியாயிற்று என்று விரல் வைத்திருக்க
எட்டே கிலோபைட்டில் ஒரு பொடியன்.

இன்னும் இரண்டு இருந்தன, ஒரு வரியும் எழுதாமல்.
ஆளுக்குப் பத்து மெகாபைட் வெறுமை.
இடம் தீர்ந்துபோகும் இரவில்
கடைசி வரியைப் பாதியில் விடாமல் முடித்துக்கொள்ள
யாரோ முன்யோசனையாய்ப் பிடித்துவைத்த இடம்.
இன்று அவைதான் காப்பாற்றின.
என் வீட்டில் அப்படி எதையும் நான் வைத்திருந்ததில்லை.

படங்களை அழித்தேன். சர்வருக்கு மூச்சு வந்தது.

தூக்கம் போனதுதான் போனது,
அட்டவணையை மேய்ந்தேன்.
என் எண் 4117.
கின்டாலைட்டே என்று வேலைக்குச் சேர்ந்தேன்.
மணமானால் பெயரின் வால் மாறும் ஊர் இது:
புட்ரிமியெனே ஆனேன்.
நீதிமன்றத் தாள் வந்த திங்கட்கிழமை
நானே தட்டச்சு செய்து திரும்பி வந்தேன்.
எண் எதையும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்தது 4118.
ஸ்டெபோனாஸ். கப்பலுக்குக் கயிறு கட்டுபவன்.
ஆகஸ்ட் கடைசியில் நான்தான் அழித்தேன்,
அடக்கத்துக்குப் போய்வந்த அதே கோட்டோடு.

அழித்த பெயருக்கு நூற்றெண்பது நாள்
ஒரு கல்லறைக்கல் நின்றிருக்கும்,
மற்ற சர்வர்களுக்கெல்லாம் சேதி போய்ச் சேர.
பிறகு கல்லும் போய்விடும்.
கோப்பு மட்டும் சுருங்காது.
அவன் இருந்த அகலத்துக்கு உள்ளே காலி.
யாரும் வந்து உட்காரலாம், ஆனால்
4118 இனி ஒருவருக்கும் கிடையாது.

காலையில் மேலாளர் கேட்பார்:
நிறுத்திவைத்து இறுக்கினால் நாலு ஜிபி மிஞ்சுமே?
மிஞ்சும்.
கல்லுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.
பத்தாவது நாள் செய்கிறேன்.

மறுபடி ரிம்வீதாஸ். உள்ளே போய்விட்டானாம்.
கயிறு கட்டப் புதுப் பையன் ஒருவன்
கதவு திறக்காமல் வெளியே நிற்கிறான் என்றான்.
பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னேன்.
பாதி காற்றில் போயிற்று.
இன்னொரு முறை, என்றேன்.