மீசையில் ஒட்டிய உப்பு

வால்டிவியாவில் ஆறு இரண்டு திசையிலும் ஓடும்.
கடல் இழுத்தால் கீழே,
கடல் தள்ளினால் மேலே.
இங்கேயே பிறந்தவள் நான்,
ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து
ஏழு மாதம் அதை மறந்திருந்தேன்.

செய்யக் கிளம்பியது ஒரு மீசை.
கடற்சிங்கத்தின் மீசை மாதிரி,
மீன் போய்விட்ட பிறகும்
மீன் விட்டுச்சென்ற சுழலைத் தண்ணீரில் படிக்கிற மீசை.
ஒரு விரல் நீளப் பாலிமர்,
அடியில் மிளகளவு ஜெல்,
ஜெல்லுக்குள் கண்ணுக்குச் சிக்காத கார்பன் இழை.
வளைந்தால் மின்தடை மாறும்,
அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுதானை நிதிக்குழுவுக்கு விளக்கப்
பதினெட்டுப் பக்கம் ஆனது.

கண்ணாடித் தொட்டியில் சமர்த்தாக இருந்தது.
நூலில் கட்டிய ரப்பர் மீனை ஓஸ்வால்தோ இழுப்பான்,
திரையில் ஒரு சிலிர்ப்பு ஓடி அடங்கும்.
கைதட்டி, காபி குடித்து,
மறுநாளே ஆற்றில் இறக்கினோம்,
மீன் சந்தைக்குப் பின்னால், படித்துறை ஓரம்.

அங்கே பிடித்தது வியாதி.
பூச்சியத்தில் நிற்க வேண்டிய கோடு
ஏறியது, இறங்கியது,
தூங்குகிறவன் வயிற்றைப் போல,
யாரும் தொடாமலே.

பேட்டரி என்றான் ஓஸ்வால்தோ. மாற்றினோம்.
பசை என்றான். கேபிள் என்றான்.
கடைசியில் கடற்காக்கைகளைத் திட்டினான்.
நான் திட்டவில்லை, வடிகட்டி எழுதினேன்:
எட்டு வரி நிரல்,
மெதுவாக நகர்வதெல்லாம் பிழை என்று ஒரு சட்டம்.
கோடு நேரானது.
நானும் தூங்கினேன்.

படித்துறையில் எங்களுக்கு ஒரு பார்வையாளர் உண்டு.
பெயர் மேயர்,
சந்தைக்காரர்கள் வைத்தது.
ஐந்நூறு கிலோ, இரண்டு கண்ணிலும் பால் படர்ந்திருக்கும்.
எர்மிந்தா வீசும் மீன் தலை
தண்ணீரில் விழுந்து ஒரு முழம் தாழ்வதற்குள்
அதன் வாயில் இருக்கும்.
"குருடனுக்கு இது எப்படித் தெரியுது?" என்று ஒருநாள் கேட்டாள்.
தெரிந்தவள் போலச் சிரித்துவைத்தேன்.
அதற்குத்தானே சம்பளம்.

ஆகஸ்டு. பக்கவாட்டில் அடிக்கிற மழை.
இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன்,
மீசையை வைக்க இடமில்லை,
பல்லில் கவ்விக்கொண்டேன்.

கரித்தது.

காலையில் இதையே இறக்கும்போதும்
இப்படித்தான் கவ்வியிருந்தேன்.
அப்போது நாக்கில் வெறும் ஆறு.

கயிறு கையிலேயே நின்றது.
நல்ல தண்ணீரில் ஜெல் குடித்து உப்பும்,
உப்புத் தண்ணீரில் ஒடுங்கும்.
உப்புவதும் உப்பும் ஒன்றுக்கொன்று பகை.
இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு
இதைப் பாடமாக எடுப்பவளே நான்,
செவ்வாய்க்கிழமை தோறும், பத்து மணிக்கு.

அன்று இரவு
எட்டு வரியையும் அழித்தேன்.
திரையில் ஏழு மாத ஓதம் எழுந்து வந்தது,
நாளுக்கு இருமுறை,
நிலவு பெருத்த வாரங்களில் உயரமாக.
ஜூன் மாதத்தில் மூன்று நாள் கோடு மேலேயே கிடந்தது.
வெள்ளம் கடலை உள்ளே விடாத நாட்கள்,
எங்கள் தெருவில் படகு விட்ட நாட்கள்.
அதையும் அது எழுதி வைத்திருந்தது,
நான் பிழை என்று பெயரிட்ட இடத்தில்.

விழுந்தோம், மீசையில் மண் ஒட்டவில்லை என்று
கட்டுரையில் எழுதிவிடலாம்.
ஓஸ்வால்தோ அப்படித்தான் சொல்கிறான்:
முதலிலிருந்தே உப்பைத்தான் அளந்தோம் என்று
ஒரு வாக்கியம் போதுமாம்.
ஒட்டியது என்றுதான் எழுதினேன்.
அவன் இரண்டு நாள் பேசவில்லை.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும்.
மீன் இன்னும் சிக்கவில்லை.
ஓதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால்
மிச்சம் படகு, மழை, யாரோ பக்கெட் கழுவிய அலை.
சுழல் எங்கோ அதற்குள் இருக்கிறது.
மேயர் நேற்று என் சென்சாரை மோந்து பார்த்தது,
நிஜ மீசை பொய் மீசையில் உரச,
திரையில் நான் இதுவரை காணாத ஒரு கிறுக்கல்.
சேமிக்கும் பொத்தானை அழுத்துவதற்குள்
கேபிளைக் கடித்துவிட்டது.